வியாபார முகம் என்று ஒன்று உண்டா?

கோலாலம்பூரில் எந்தத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தாலும், யாரோ ஒருவர் இன்னொருவருடைய வியாபாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். கடை ஓகோவென்று நடந்தால், "அவன் கைராசிக்காரன், வியாபார முகம்" என்பார். கடையை மூடிவிட்டால், "நல்ல மனிதன்தான், ஆனால் இதெல்லாம் அவனுக்குச் சரிப்பட்டு வராது" என்பார். இரண்டு தீர்ப்பிலும் கடை வாடகைக்கும் கொள்முதல் விலைக்கும் இடமே இல்லை. ஆளைப் பார்த்து எழுதிய தீர்ப்புகள். தொழில் செய்யவென்றே சிலர் பிறக்கிறார்கள் என்ற நம்பிக்கை நம்மிடம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

இந்த நம்பிக்கையில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று உளவியலாளர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சோதித்துவருகிறார்கள். குணத்துக்கும் தொழிலுக்கும் தொடர்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மேடைகளில் புகழப்படும் குணங்கள் ஒருபக்கம், ஆய்வுகளில் தேறும் குணங்கள் வேறுபக்கம். புதிதாகத் தொழில் தொடங்க நினைப்பவர்கள் இந்த இடைவெளியைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் அடிப்படை. ஒருவர் இன்று சிடுசிடுப்பாக இருந்தால் அது மனநிலை. வீட்டிலும் வேலையிடத்திலும் நண்பர்களிடத்திலும் ஆண்டுக்கணக்காக அப்படியே இருந்தால் அதுதான் ஆளுமைப் பண்பு. 1936இல் ஆல்போர்ட், ஓட்பர்ட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதர்களை வேறுபடுத்திக் காட்டும் சொற்களைத் திரட்டினார்கள். ஏறக்குறைய 18,000 சொற்கள் சேர்ந்தன. பின்னால் வந்தவர்கள் அவற்றில் ஒன்றோடொன்று ஒட்டிவருகிறவற்றைப் புள்ளியியல் முறையில் தொகுத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் ஐந்து பெரிய பண்புகள் மிஞ்சின. புதியதை நாடும் ஆவல் ஒன்று. எடுத்த வேலையை முறையாகச் செய்து முடிக்கும் ஒழுங்கு ஒன்று. மனிதர்களோடு கலகலப்பாகப் பழகும் தன்மை ஒன்று. பிறரோடு ஒத்துப்போகும் இணக்கம் ஒன்று. சின்ன விஷயத்துக்கும் பதறிக் கலங்கும் தன்மை ஐந்தாவது. இன்று ஆளுமை ஆய்வு என்றால் பெரும்பாலும் இந்த ஐந்தை வைத்துத்தான் நடக்கிறது.

இந்தப் பண்புகளை மனிதனின் உயரத்தைப் போல நினைத்துக்கொள்ளலாம். சிலர் நெட்டை, சிலர் குட்டை, பெரும்பாலோர் நடுவில். நம்மை நான்கு நிறங்களாகவோ நான்கு விலங்குகளாகவோ பிரித்துக் காட்டும் பயிற்சிப் பட்டறைகள் ஹோட்டல் மண்டபங்களில் அடிக்கடி நடக்கின்றன. "நீங்கள் சிங்கம், தொழில் செய்யப் பிறந்தவர்" என்று சான்றிதழும் கொடுத்து அனுப்புகிறார்கள். சிங்கத்துக்கும் மாட்டுக்கும் நடுவில் நிற்கிறவர்களே உலகில் அதிகம் என்பதை அங்கே யாரும் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த வகுப்புக்குக் கட்டணம் வராது.

சரி, தொழில் முனைவோரிடம் இந்த ஐந்தும் எப்படி இருக்கின்றன? ஜாவோ, சைபர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த 23 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, சொந்தத் தொழில் செய்பவர்களையும் நிறுவனங்களில் மேலாளர்களாகச் சம்பளம் வாங்குபவர்களையும் ஒப்பிட்டு 2006இல் வெளியிட்டார்கள். சொந்தத் தொழில்காரர்களுக்குப் புதுமை நாட்டமும் ஒழுங்கும் சற்றுக் கூடுதல், பதற்றமும் இணக்கமும் சற்றுக் குறைவு. கலகலப்பில் மட்டும் இரண்டு தரப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை.

அந்தக் கடைசி முடிவு பலருக்கு வியப்பாக இருக்கும். வாய் இருந்தால்தான் வியாபாரம் என்பது நம் ஊர்ப் பாடம் ஆயிற்றே. ஆனால் தலைநகரிலேயே ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு உதாரணங்கள் உண்டு. மெக்சிஸ், ஆஸ்ட்ரோ நிறுவனங்களை வளர்த்த ஆனந்த கிருஷ்ணன் 1938இல் பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவர். 2024இல் மறையும்வரை பேட்டிகளையும் கேமராக்களையும் விட்டு விலகியே இருந்தவர். இன்னொருவர் டோனி பெர்னாண்டஸ். 2001இல், ஏறக்குறைய 4 கோடி வெள்ளிக் கடனோடு தள்ளாடிய ஏர் ஆசியாவை ஒரு வெள்ளி கொடுத்து வாங்கி, சிவப்புத் தொப்பியோடு தானே விளம்பரமாக நின்றவர். ஒருவர் வாயே திறக்கவில்லை, மற்றவர் மூடவே இல்லை. இருவரும் கோடிகளில் புரண்டார்கள். கூச்ச சுபாவம் என்பதாலேயே தொழில் நமக்கு ஆகாது என்று ஒதுங்கி நிற்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்து யோசிக்கலாம். அதே வேளையில், வீடு வீடாகக் காப்புறுதி விற்கும் வேலைக்குக் கலகலப்பு உதவும் என்பதையும் மறுக்க முடியாது. எந்தத் தொழில் என்பதைச் சொல்லாமல் எந்தக் குணம் நல்லது என்று பேசுவது வீண் பேச்சு.

என்னைக் கேட்டால், அந்தப் பட்டியலில் நாம் மதிக்கத் தவறும் பண்பு ஒழுங்குதான். 2006 ஒப்பீட்டிலும் இரு தரப்பையும் அதிகமாகப் பிரித்துக் காட்டியது அதுவே. இதை மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்காது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கார அக்கா இரவு கடையடைக்கும்போது, மிஞ்சிய செவ்வந்தியைத் தராசில் வைத்து எடைபோட்டு, கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஒரு கிளிப்பில் செருகிவைப்பார். வெள்ளிக்கிழமை எவ்வளவு மிஞ்சியது, பௌர்ணமிக்கு எவ்வளவு போதாமல் போனது, கல்யாண முகூர்த்த நாளில் மல்லிகை எத்தனை மணிக்குத் தீர்ந்தது, எல்லாம் அந்தத் தாள்களில் இருக்கும். அடுத்த வாரச் சரக்கைச் சொல்வதற்கு முன் அவற்றைத்தான் புரட்டுவார். பூ மறுநாள் குப்பை. ஒரு கிலோ கூடுதலாக வாங்கினால் அன்றைய லாபத்தில் அவ்வளவு கரைந்துவிடும். அவரைப் பார்த்து யாரும் வியாபார முகம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர் முகத்தில் எப்போதும் தூக்கக் கலக்கம்தான் இருக்கும்.

பதற்றம் குறைவாக இருப்பது ஏன் உதவுகிறது என்பதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது, உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிட ஒருவரும் வர முடியாது என்றானது. அந்த நிலையில் வாடகைக்கும் சம்பளத்துக்கும் என்ன செய்வதென்று ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட முடிந்தவர்களுக்கும், இரவெல்லாம் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தவர்களுக்கும் இடையில் பெரிய வேறுபாடு இருந்தது. பொட்டலச் சாப்பாட்டுக்கு மாறலாம், வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கலாம் என்று உடனே தோன்றியவர்களுக்குப் புதுமை நாட்டமும் கைகொடுத்தது.

இணக்கம்தான் சிக்கலான பண்பு. வாடிக்கையாளர் மனம் கோணாமல் நடப்பது வியாபாரத்துக்கு நல்லதுதானே, அது குறைவாக இருப்பது எப்படி உதவும் என்று கேட்கலாம். இதற்கு 555 புத்தகத்தைப் பார்த்தால் போதும். மலேசியாவில் மளிகைக் கடைக்குப் போய் வளர்ந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை: அட்டையில் 555 என்று அச்சிட்ட, சட்டைப் பைக்குள் அடங்கும் கடன் கணக்கு நோட்டு. செந்தூலில் ஓர் ஒட்டுக்கடையில் கல்லாவுக்கு மேலே "கடன் அன்பை முறிக்கும்" என்று எழுதிய அட்டை தொங்குகிறது. அதற்கு நேர் கீழே, நூலில் கட்டிய 555 புத்தகமும் தொங்குகிறது. உள்ளே பெயர்கள் கிடையாது. லோரி அண்ணன், மேல்மாடி அக்கா, பழைய டாக்சி என்றுதான் தலைப்புகள். சில பக்கங்களில் தொகை ஏறிக்கொண்டே போய், தேதி மட்டும் நின்றுவிட்டிருக்கிறது. ஏன் கேட்கவில்லை என்றால், "கேட்டால் சங்கடப்படுவார் தம்பி, அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டார்" என்கிறார் கடைக்காரர். கடன் வைத்தவர் இந்தப் பக்கம் வருவதை நிறுத்திப் பல மாதங்கள் ஆகிவிட்டன என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நல்ல மனிதர்தான். ஆனால் அந்த நல்ல மனத்துக்கு மாதந்தோறும் அவர் ஒரு தொகை கட்டுகிறார். விலையைப் பேரம் பேசுவது, பாக்கியை வசூலிப்பது, உறவுக்காரப் பையன் வேலைக்கு ஒத்துவரவில்லை என்றால் நிறுத்துவது, இவை எல்லாம் அதிக இணக்கம் உள்ளவர்களுக்குப் பெரிய வேதனை. இதற்காக முரட்டு ஆளாக மாற வேண்டுமா? வேண்டாம். சுமுகமாகப் பழகும் குணம் கூட்டாளிகளைச் சேர்க்கவும், வேலையாட்களை நீண்ட நாள் தக்கவைக்கவும் உதவும். பணம் கேட்கும் வேலையை மட்டும் வேறொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். நம் குடும்பக் கடைகள் பலவற்றில் கணவர் சிரித்துப் பேசி வியாபாரம் பார்ப்பார், பாக்கியை மனைவி கேட்பார். உளவியல் படித்து வந்த ஏற்பாடு அது இல்லை என்றாலும், படித்தவர்கள் சொல்லியிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இப்போது எல்லாரும் எதிர்பார்த்திருக்கும் துணிச்சலுக்கு வருவோம். துணிந்தவனுக்குத் துக்கமில்லை என்ற பழமொழியைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அதே ஜாவோவும் சைபர்ட்டும் லம்ப்கின் என்பவரோடு சேர்ந்து 2010இல் இன்னொரு தொகுப்பாய்வு செய்தார்கள். ஆபத்தை விரும்பி ஏற்கும் குணம், தொழில் தொடங்கும் எண்ணத்தோடு சேர்ந்தே வந்தது. தொழில் எப்படி நடக்கிறது என்பதோடு அதற்குத் தொடர்பு தென்படவில்லை. அதாவது, துணிச்சல் ஒருவரைக் கடை திறக்க வைக்கும்; திறந்த கடை ஓடுவதற்கு அது உத்தரவாதம் இல்லை.

துணிச்சல் என்று நாம் நினைப்பது பல நேரங்களில் வெறும் அதீத நம்பிக்கையாக இருப்பதும் உண்டு. 1988இல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாகத் தொழில் தொடங்கிய 2,994 அமெரிக்கர்களிடம் உங்கள் தொழில் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டார்கள். 81 விழுக்காட்டினர் பத்துக்கு ஏழு அல்லது அதற்கும் மேல் என்றார்கள். மூன்றில் ஒருவர் பத்துக்குப் பத்து என்று அடித்துச் சொன்னார். அவர்களிடமே உங்களைப் போன்ற மற்றவர்களின் தொழில் எப்படி என்று கேட்டபோது குரல் இறங்கிவிட்டது. ஆபத்து தெரிந்தும் குதிப்பவர்கள் குறைவு. ஆபத்தே கண்ணில் படாமல் குதிப்பவர்கள்தான் கூட்டம்.

தேர்ந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? 1960களில் புகழ்பெற்ற டேவிட் மெக்கிலெலண்ட் என்ற உளவியலாளர், சாதிக்கும் வேட்கை உள்ளவர்களைப் பற்றி ஆராய்ந்தவர். வளையம் எறியும் விளையாட்டில் முளைக்குச்சியிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை ஆட்டக்காரர்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். சாதிக்கும் வேட்கை மிகுந்தவர்கள் ஒட்டி நின்று சுலபமாகப் போடவும் இல்லை, எட்டாத தூரத்தில் நின்று குருட்டு அதிர்ஷ்டத்தை நம்பவும் இல்லை. சற்றுச் சிரமம், ஆனால் திறமை இருந்தால் முடியும் என்ற இடமாகப் பார்த்து நின்றார்கள். பின்னாளில் சரஸ் சரஸ்வதி என்ற இந்திய வம்சாவளி ஆய்வாளர், அனுபவம் மிகுந்த தொழில் முனைவோரின் சிந்தனைப் போக்கைக் கவனித்து 2001இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். அவர்கள் "இதில் எவ்வளவு லாபம் வரும்" என்று தொடங்குவதில்லை. "இதில் எவ்வளவு போனால் என்னால் தாங்க முடியும்" என்று தொடங்குகிறார்கள்.

இதை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு இடியாப்பம், ஆப்பம் போடும் கை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பு 20,000 வெள்ளி. முன்பணம், அடுப்பு, மேசை நாற்காலி என்று எல்லாவற்றையும் கடையில் போட்டு, போதாததற்கு நகையையும் அடகு வைப்பது ஒரு வழி. வேலையை விடாமல், 1,500 வெள்ளிக்குள் சாமான் வாங்கி, வாரத்தில் ஓர் இரவுச் சந்தையில் மூன்று மாதம் போட்டுப் பார்ப்பது இன்னொரு வழி. முதலாமவரை ஊர் துணிச்சல்காரர் என்று சொல்லும், இரண்டாமவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லும். மூன்று மாதம் கழித்து எந்தத் தெருவில் ஆப்பம் போகிறது, எதற்குத் தேங்காய்ப்பால் அதிகம் செலவாகிறது, எந்த விலையில் ஆட்கள் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள் என்பது இரண்டாமவருக்குத் தெரிந்திருக்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றும் நம்மிடம் பழமொழி இருக்கிறது. அதை மேடையில் யாரும் சொல்வதில்லை.

இவ்வளவு சொன்னபிறகு ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். ஆய்வுகளில் தெரியும் இந்த வேறுபாடுகள் சராசரி அளவில் மட்டுமே உண்மை, அதுவும் சிறிய அளவில். ஒருவருடைய மதிப்பெண்ணைப் பார்த்து அவர் வெல்வாரா தோற்பாரா என்று சொல்ல முடியாது. வெற்றி பெற்றவர்களை மட்டும் கூப்பிட்டுவைத்து உங்கள் குணம் என்ன என்று கேட்டால், விடாமுயற்சி, துணிச்சல், தன்னம்பிக்கை என்பார்கள். அதே குணங்களோடு தோற்றுப்போனவர்களை யாரும் மாலை போட்டு மேடைக்கு அழைப்பதில்லை. அழைத்தால் அவர்களும் அதே மூன்றைத்தான் சொல்வார்கள். வில்லியம் கார்ட்னர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1988இலேயே, தொழில் முனைவோர் யார் என்று கேட்பதே தவறான கேள்வி, அவர் என்ன செய்கிறார் என்று கேளுங்கள் என்று வாதிட்டார்.

அதைவிட முக்கியமானது முதல், அதாவது தொழிலில் போடும் பணம். பிரிட்டிஷ் தரவுகளை அலசிய பிளான்ச்பிளவர், ஆஸ்வால்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 1998இல் சொன்னது இது: பரம்பரைச் சொத்தோ அன்பளிப்புப் பணமோ கிடைத்தவர்கள் சொந்தத் தொழிலில் இறங்கும் வாய்ப்பு கூடுகிறது, சிறுவயதில் எடுத்த உளவியல் சோதனைகளின் மதிப்பெண்களோ பிற்காலத்தில் சொந்தத் தொழில் செய்வதோடு வலுவாகத் தொடர்புபடவில்லை. இதை மலேசியத் தமிழர்கள் சற்று நின்று படிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் உழைத்து, தோட்டம் துண்டாடப்பட்டபோது குடியிருந்த லயத்து வீடும் சொந்தமில்லை என்று வெளியேறிய குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். வங்கியில் அடமானம் வைக்க நிலப்பட்டா இல்லாத ஒருவரைப் பார்த்து, "உனக்கு வியாபார புத்தி இல்லை" என்று சொல்வது அநியாயம். முதல் இல்லாததால்தான் கூட்டு (சீட்டு) பிடித்துப் பணம் திரட்டும் வழக்கம், 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பிறகும் வீடுகளுக்குள் பேச்சில் இருக்கிறது. சிறுதொழில்களுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குன் நேஷனலின் கீழ் இந்தியத் தொழில் முனைவோருக்கென்று ஸ்பூமி கடன் திட்டம் ஏற்பட்டதும் இந்தக் குறையை ஒட்டித்தான்.

குணத்தை மாற்ற முடியுமா என்ற கேள்விக்கு, பிறவிக் குணம் மட்டையால் அடித்தாலும் போகாது என்று பாட்டிமார் சொல்வார்கள். பாதி சரி. அடிப்படைப் பண்புகள் மெதுவாகத்தான் நகரும். ஆனால் தொழிலுக்கு வேண்டிய நடத்தையைப் பயிற்றுவிக்க முடிகிறது. மெக்கிலெலண்டின் குழு 1960களில் ஆந்திராவின் காக்கிநாடாவில் சிறு வணிகர்களுக்குச் சாதனை வேட்கைப் பயிற்சி அளித்தது. பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடச் சுறுசுறுப்பாகத் தொழிலை விரிவாக்கினார்கள். இன்னும் உறுதியான சான்று ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டிலிருந்து வந்தது. அங்கே 1,500 சிறுதொழில்காரர்களை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கமான கணக்கு, நிர்வாகப் பாடமும், இன்னொரு பிரிவுக்குத் தானாக முன்வந்து செயல்படும் மனப்பாங்கில் பயிற்சியும் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. 2017இல் வெளியான முடிவின்படி, மனப்பாங்குப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 விழுக்காடு உயர்ந்தது. வழக்கமான பாடம் படித்தவர்களுக்கு 11 விழுக்காடு. அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று ஒதுக்கத்தக்க அளவு.

நம் முன்னோர்களில் ஒரு சாரார் இதை ஆய்வு இல்லாமலே நடைமுறையாக்கி வைத்திருந்தார்கள். லெபோ அம்பாங்கிலும் பினாங்கு வீதியிலும் கிட்டங்கி (தொழில் நடத்தும் கட்டடம்) வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார், ஊரிலிருந்து வந்த பையன் துணிச்சல்காரனா, கலகலப்பானவனா என்று சோதித்துக்கொண்டிருக்கவில்லை. அவன் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, பெட்டியருகே உட்கார்ந்து எடுபிடி வேலையும் எழுத்து வேலையும் கற்று, அடுத்தாளாகி, பிறகு மேலாளாவான். அன்றைய வரவு செலவு அன்றே பேரேட்டில் ஏறியாக வேண்டும். கடல் கடந்து ஊரில் இருக்கும் முதலாளி கணக்கை வரிவரியாகப் பார்ப்பார். அவ்வளவு ஆண்டுகள் அந்தக் கட்டுக்குள் இருந்தவன் இயல்பிலேயே ஒழுங்கானவனா, பழக்கத்தால் ஒழுங்கானவனா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வட்டிக்குக் கொடுத்த அந்த வணிகத்தின் நியாய அநியாயம் தனிக்கதை. ஆள் தயாரித்த முறையை மட்டும் சொல்கிறேன்.

ஆகவே தொழில் தொடங்குமுன் உங்கள் குணத்தைத் தெரிந்துகொள்ள விரும்பினால், இணையத்தில் கிடைக்கும் சோதனைகளைவிட எளிய வழி ஒன்று உண்டு. உங்களோடு வேலை செய்த இரண்டு பேரிடமும், வீட்டில் ஒருவரிடமும், "நான் எந்த வேலையைத் தள்ளிப்போடுவேன்?" என்று கேளுங்கள். மூவரும் ஒரே வேலையைச் சொன்னால், அந்த வேலைக்குத்தான் முதல் ஆள் தேவை. கணக்கு என்றால், மாதம் ஒருமுறை கணக்கெழுதிக் கொடுப்பவரைப் பிடியுங்கள். ஆட்களோடு பேசுவது என்றால், பேசத் தெரிந்த கூட்டாளியைத் தேடுங்கள். கூட்டாளி கிடைத்தால் மலேசிய நிறுவன ஆணையத்தில் பங்காளித்துவமாகவே பதிவுசெய்துவிடுங்கள். தொழிற்பெயரில் பதிவுசெய்ய ஆண்டுக்கு 60 வெள்ளிதான். யார் எவ்வளவு போட்டார்கள், காசோலையில் யார் கையெழுத்து, ஒருவர் விலகினால் அடுப்பும் பெயர்ப்பலகையும் யாருக்கு என்பதைப் பதிவுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அண்ணன் தம்பியாக இருந்தாலும் எழுதுங்கள். அண்ணன் தம்பியாக இருந்தால் கண்டிப்பாக எழுதுங்கள்.